குடையோடு மாப்பிள்ளை விசாரிக்கப் போன நாள்

அறுபதுகளின் நடுவில், ஒரு தை மாதத்துச் சனிக்கிழமை. கடலூர் ஓல்டு டவுனில் விடியற்காலைப் பாசஞ்சர் ரயிலைப் பிடித்துச் சிதம்பரத்துக்குப் போனேன். யாராவது கேட்டால் ஊர் சுற்றிப் பார்க்க வந்தேன் என்று சொல்ல வேண்டும். அதையே பரங்கிப்பேட்டை வரைக்கும் வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். கையில் மஞ்சள் பை, கக்கத்தில் குடை. தை மாதத்தில் எதற்குக் குடை என்று கேட்பீர்கள். என் தங்கச்சியும் அதைத்தான் கேட்டாள். மழை வந்துவிட்டால் என்ன செய்வது என்றேன். அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

நான் அப்படித்தான். ஏழாம் வகுப்பில் இருக்கும்போது அப்பா போய்விட்டார். படிப்பை விட்டுவிட்டுத் துறைமுகத்துப் பக்கம் ஒரு மல்லாட்டை, அதாவது நிலக்கடலைக் கிடங்கில் சாக்குத் தைக்கிற வேலைக்குப் போனேன். அன்று பிடித்த பயம்தான், எதை எடுத்தாலும் கெட்டதுதான் முதலில் தோன்றும். வீட்டைப் பூட்டினால் மூன்று தடவை இழுத்துப் பார்ப்பேன். அடுப்பை அணைத்தால் தெருக்கோடி வரை போய்விட்டுத் திரும்ப வந்து தொட்டுப் பார்ப்பேன். கிடங்கில் இதற்கு நல்ல பேர். மூட்டை வாங்கும்போது குத்தூசி என்று ஒன்று வைத்திருப்போம், உள்ளே பள்ளமாக இருக்கிற இரும்பு ஊசி. மூட்டையின் வயிற்றில் குத்தி இழுத்தால் உள்ளே இருக்கிற மல்லாட்டை நாலு வெளியே வரும். மேலே நல்லதை வைத்து உள்ளே சொத்தையை அடைத்திருந்தால் தெரிந்துபோகும். மற்றவர்கள் பத்து மூட்டைக்கு ஒன்றில் குத்துவார்கள். நான் பத்திலும் குத்துவேன்.

அன்று நான் குத்திப் பார்க்கப் போனது என் தங்கச்சிக்குப் பார்த்திருந்த மாப்பிள்ளையை.

மாப்பிள்ளை சிதம்பரத்தில் பஸ் டிரைவர். குமராட்சி வழியாகக் காட்டுமன்னார்கோயில் போகிற தனியார் பஸ். எங்களைப் போலவே மாதா கோயிலுக்குப் போகிற கிறிஸ்தவக் குடும்பம். பெண் பார்க்க வந்தபோது காக்கிச் சட்டையைக் கழற்றி வெள்ளைச் சட்டை போட்டிருந்தார், ஆனால் கையில் கிரீஸ் கறை போகவில்லை. அதை மறைக்கத் தட்டில் இருந்த முறுக்கைக்கூட எடுக்காமல் உட்கார்ந்திருந்தார். தங்கச்சிக்கு அது பிடித்துப்போயிற்று. அம்மாவுக்கும் சரி. நான்தான் ஒரு வாரம் டைம் கேட்டேன்.

அந்த ஒரு வாரம் அன்றைக்கு முடிகிறது. எங்கள் வழக்கத்தில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஓலை வாசிப்பார்கள். பூசையின் நடுவில் சாமியார் பெண் பேரும் மாப்பிள்ளை பேரும் படித்து, இந்தக் கல்யாணத்துக்கு ஏதாவது தடை இருப்பது தெரிந்தவர்கள் சொல்ல வேண்டும் என்பார். இரண்டு ஊர்க் கோயிலிலும் படிப்பார்கள். முதல் ஓலை படித்தாகிவிட்டால் அப்புறம் பெண் வீட்டுக்காரன் பின்வாங்கினால் பெண்ணுக்குத்தான் அவமானம். தவக்காலம் பிறந்துவிட்டால் கல்யாணம் கிடையாது. அதனால் மறுநாள் ஞாயிற்றுக்கிழமையே முதல் ஓலை படித்தாக வேண்டும். அதற்குச் சனிக்கிழமை சாயங்கால மணி அடிப்பதற்குள் எங்கள் கோயில் காரியங்களைப் பார்த்துக்கொள்கிற உபதேசியாரிடம் நான் பேர் கொடுத்தாக வேண்டும்.

தங்கச்சிக்கு அப்போது இருபத்தைந்து நடந்துகொண்டிருந்தது. அதற்கு முன்னால் வந்த மூன்று இடத்தையும் நான்தான் விசாரித்துத் தட்டிவிட்டவன். மேல்பட்டாம்பாக்கத்துப் பையன் இருமினான் என்று ஒருத்தர் சொன்னார், விட்டுவிட்டேன். மார்கழியில் யார்தான் இருமமாட்டார்கள் என்று பிறகுதான் தோன்றியது. மங்கலம்பேட்டைப் பையன் சீட்டாடுவான் என்றார்கள். அதைச் சொன்ன ஆள் தன் மகளையே அவனுக்குக் கொடுத்துவிட்டார். மூன்றாவது இடத்தை எதற்காக விட்டேன் என்பது எனக்கே மறந்துவிட்டது.

காலையில் கிளம்பும்போது தங்கச்சி வாசல் வரை வந்தாள். அவள் கன்னியர் மடத்துத் தையல் வகுப்புக்குப் போகிறவள், அளந்துதான் பேசுவாள்.

"ஊர்ல நாலு பேர்கிட்ட கேக்கறது இருக்கட்டும் அண்ணே. அவர்கிட்டயே போயி ரெண்டு வார்த்தை பேசிட்டு வா."

"அவரு தன்னைப் பத்திக் கெட்டதாவா சொல்லிக்கப் போறாரு?" என்றேன்.

"உன்கிட்ட பேசறதுக்கு அந்தக் குடைகிட்ட பேசலாம்" என்று உள்ளே போய்விட்டாள்.

என் பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. எங்கள் தெருவிலேயே ஒரு பெண்ணை வலிப்பு இருக்கிற ஆளுக்குத் தெரியாமல் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். கல்யாணம் முடிந்த எட்டாம் நாள் குளத்துப் படியில் குளிக்கப் போன இடத்தில் அவர் இழுத்துக்கொண்டு விழ, நாலு பேர் தூக்கிவந்து போட்டார்கள். அந்தப் பெண் நின்ற நிலை என் கண்ணை விட்டுப் போகவில்லை. நம் மாப்பிள்ளையோ பஸ் ஓட்டுகிறவர். அவருக்கு அப்படி ஏதாவது இருந்தால்? யார் சொன்னார்கள் என்று கேட்டால், யாரும் சொல்லவில்லை. எனக்குத் தோன்றியது, அவ்வளவுதான்.

சிதம்பரம் ஸ்டேஷனில் இறங்கியபோது எட்டு மணி இருக்கும். பனி இன்னும் விலகவில்லை, கோபுரங்களின் தலை மட்டும் வெயிலில் நின்றது. கீழவீதியில் ஒரு டீக்கடையில் உட்கார்ந்தேன். டீ மாஸ்டரிடம் ஊரைப் பற்றிப் பேச்சுக் கொடுத்து, சுற்றி வளைத்துக் குமராட்சி லைன் டிரைவரில் கொண்டுவந்து நிறுத்தினேன்.

"அவரா? தங்கமான ஆளு. ஏன் கேக்கறீங்க?"

"சும்மாதான். உடம்பு கிடம்பு நல்லாருக்காரா? வலிப்பு கிலிப்பு ஏதாச்சும்..."

டீ ஆற்றிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது. "அப்படி ஒண்ணும் கேள்விப்படலையே" என்றார்.

வேறு யாராவது இருந்தால் அதோடு எழுந்து ரயிலேறியிருப்பார்கள். எனக்கு அந்தக் 'கேள்விப்படலையே' உறுத்தியது. இல்லை என்று சொல்லவில்லையே! கேள்விப்படாமல் இருக்கலாம், இருந்தும் இருக்கலாம் அல்லவா? பாதி டீயை வைத்துவிட்டு நடந்தேன். எனக்குப் பின்னால் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர் டீ மாஸ்டரிடம் என்னவோ கேட்டது காதில் விழுந்தது. திரும்பிப் பார்க்கவில்லை.

தெற்குவீதி முனையில் வெற்றிலை பாக்கு விற்கிற அம்மாள் ஒருத்தி. நான் கேட்டதும் மேலும் கீழும் பார்த்தாள்.

"நீ யாரு தம்பி, போலீசா?"

"அய்யோ இல்லம்மா. நான் ஊர் சுத்திப் பாக்க வந்தவன்."

"ஊர் சுத்திப் பாக்க வந்தவனுக்கு டிரைவரு ஒடம்பு எதுக்கு? கோவுரத்தப் பாரு, போ."

அவள் சந்தேகத்தைத் தீர்ப்பதற்காக எங்கள் தெருக் கதையைச் சொன்னேன். வலிப்பு, எட்டாம் நாள், குளத்துப் படி, தூக்கிவந்து போட்டது, எல்லாம். அவள் பாக்கு வெட்டுவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள். கடைசியில், "பாவம், பாக்கறதுக்குத் தெரியவே தெரியாது இல்ல?" என்றாள். யாரைச் சொல்கிறாள் என்று நான் யோசிக்கவில்லை. அடுத்து யாரைக் கேட்பது என்பதிலேயே மனசு ஓடிக்கொண்டிருந்தது.

அங்கிருந்து மேலவீதிக்கு எப்படிப் போவது என்று கேட்டால், கோயிலுக்குள் புகுந்து போனால் கிட்டம் என்றார்கள். எனக்குத் தயக்கம். போகலாமா, சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வேண்டி வருமா என்று கோபுர வாசலில் கால்மணி நேரம் நின்றேன். தலையில் ஒரு கட்டு விறகு சுமந்துகொண்டு ஒரு பெண் விறுவிறுவென்று உள்ளே போனாள். அவள் பின்னாலேயே செருப்பைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு நுழைந்துவிட்டேன். வெளிப்பிராகாரம் எவ்வளவு பெரிசு! கல் தரை பனியில் சில்லென்று இருந்தது. அண்ணாந்து பார்த்தால் கோபுரத்தில் அடுக்கடுக்காகப் பொம்மைகள், கழுத்து வலித்தது. யாரோ முன்பின் தெரியாத ஒருத்தர் என்னிடம், "உள்ள போயி பாருங்க, இவ்ளோ தூரம் வந்துட்டு" என்றார். நான் தலையை ஆட்டினேன். ஆனால் மனசு முழுக்க இன்னும் எத்தனை மணி நேரம் இருக்கிறது, பஸ் எத்தனை மணிக்கு என்ற கணக்குத்தான். பெரிய பெரிய ஊர்களில் இருந்தெல்லாம் வந்து பார்க்கிற கோயில் அது. நான் அதைச் சந்து மாதிரி தாண்டிப் போனேன்.

மேலவீதி சைக்கிள் கடைக்காரர் நான் வாயைத் திறந்ததும் பதறிவிட்டார். "வலிப்பா? வண்டி ஓட்டறவருக்கா? ஏங்க, எங்க வீட்ல வாரத்துக்கு ரெண்டு தடவ அந்த வண்டியிலதான் குமராட்சிக்குப் போறாங்க!" இல்லை, நான் கேட்கத்தான் கேட்கிறேன் என்றேன். "நெருப்பில்லாமலா புகையுது?" என்கிற மாதிரி பார்த்தார். அப்புறம் எண்ணெய்க் கடை, மாவு மில், ஒரு தையற்காரர், தெருமுனையில் இலந்தைப்பழம் விற்றவள். வடக்குவீதிக்கு வந்தபோது பத்துப் பேருக்கு மேல் கேட்டாகிவிட்டது. ஒருத்தர்கூடக் கெட்டதாகச் சொல்லவில்லை. ஒருத்தர்கூட நிச்சயமாக இல்லை என்றும் சொல்லவில்லை. காலில் கொப்புளம். வயிற்றில் அந்தப் பாதி டீ மட்டும்.

மாப்பிள்ளை வீடு வடக்குவீதியிலிருந்து பிரிகிற ஒரு சந்தில்தான். அங்கேயும் போனேன். அவர் அம்மா வாசலில் சாணி தெளித்த இடத்தில் பாய் விரித்து நெல் காயவைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்தால் என்னைப் பார்த்துவிடுவார். சட்டென்று குடையை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டு வேகமாகத் தாண்டினேன். பட்டப்பகல், மேகத்தின் துணுக்குக்கூட இல்லை. சந்தில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகள் எல்லாம் ஆட்டத்தை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்கள். ஒன்று, "மழை வருது, மழை வருது" என்று கத்தியது. எந்த வீட்டைத் தெரிந்துகொள்ள வந்தேனோ அந்த வீட்டை மட்டும் அப்படித் தாண்டிப் போனேன்.

கடைசியாக ஒரு சலூன். ஷேவிங் பண்ணிக்கொண்டே கேட்டால் சந்தேகம் வராது என்று போய் உட்கார்ந்தேன். கத்தி கழுத்தில் இருக்கும்போது, "இந்தக் குமராட்சி லைன் டிரைவரு எப்படி?" என்று மட்டும்தான் கேட்டேன். வலிப்பு என்ற வார்த்தையே எடுக்கவில்லை.

"நல்ல புள்ளதாங்க. என்ன, வலிப்பு இருக்காம்" என்றார் அவர் சாதாரணமாக. "கொளத்துப் படியில விழுந்து, நாலு பேரு தூக்கியாந்தாங்களாம். வெளிய சொல்லாம வச்சிருக்காங்க."

இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் உள்ளதைச் சொல்கிறேன். அந்த நிமிஷம் எனக்கு முதலில் வந்தது வருத்தம் இல்லை, சந்தோஷம். பார்த்தாயா, நான் பயந்தது சரிதான்! தங்கச்சியைக் காப்பாற்றிவிட்டேன்! பாதி முகத்தில் சோப்போடு எழுந்தவனை அவர் பிடித்து உட்கார வைத்தார். குளத்துப் படி, நாலு பேர் என்று நான் சொன்ன வார்த்தையே நாலு தெரு சுற்றிவிட்டு என்னிடம் வந்திருக்கிறது என்று அந்தச் சந்தோஷத்தில் எனக்கு உறைக்கவே இல்லை.

பஸ் ஸ்டாண்டுக்கு ஓட்டமும் நடையுமாக வந்தேன். இரண்டரை மணிக் கடலூர் பஸ் நின்றது. ஏறி உட்கார்ந்து, உபதேசியாரிடம் எப்படிச் சொல்வது, அம்மா அழுதால் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். வண்டி இன்னும் நிறையவில்லை. முன்னால் டிரைவரும் கண்டக்டரும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"நம்ம கொமராட்சி வண்டி டிரைவர நிறுத்திட்டாரு முதலாளி, தெரியுமா மச்சான்?" என்றார் கண்டக்டர்.

"ஏன், என்னாத்துக்கு?"

"வலிப்பாம். ஒரு மணி டிரிப்பு முடிச்சிட்டு வந்தவர்கிட்ட சாவியப் புடுங்கிட்டாங்க."

"யாரு சொன்னது? பதினோரு வருஷமா அவன்கூடத் திங்கறேன், எனக்குத் தெரியாத வலிப்பு!"

"கடலூர்ப் பக்கத்து ஆளு எவனோ காலைல வந்தானாம். தெருத்தெருவா நின்னு அவருக்கு வலிப்பு உண்டான்னு கேட்டுட்டுப் போயிருக்கான். டீக்கடையில ஆரம்பிச்சு வெத்தலக்கடை, சைக்கிள் கடைன்னு முதலாளி வீட்டு அடுப்படி வரைக்கும் போயிருச்சு. இந்தத் தை மாசத்துல ஒரு குடைய வச்சிக்கிட்டு அலைஞ்சானாம் அந்தப் பாவி."

குடை என் மடியில் இருந்தது.

என்ன நடந்தது என்று அப்போதுதான் புரிந்தது. அந்த ஊரில் காலை எட்டு மணி வரைக்கும் அந்த மனிதருக்கு வலிப்பு இல்லை. நான் இறங்கி நடந்த பிறகுதான் வந்தது. குடையை மெதுவாகக் காலுக்குக் கீழே தள்ளினேன். பேசாமல் இருந்துவிடலாம், யாருக்கும் என்னைத் தெரியாது, வண்டி கிளம்பினால் கடலூர். நிஜமாகவே அப்படித்தான் நினைத்தேன். கண்டக்டர் விசிலை வாயில் வைத்தார். முறுக்குத் தட்டுக்கு முன்னால் மறைத்து வைத்திருந்த அந்தக் கிரீஸ் கைதான் ஞாபகத்துக்கு வந்தது. அந்தக் கைக்கு வேறு என்ன வேலை தெரியும்?

"நிறுத்துங்க, நிறுத்துங்க. அந்தக் குடைக்காரன் நான்தான்" என்று எழுந்தேன். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. டிரைவர் என்னை முறைத்த முறைப்பில் படி எது என்று தெரியாமல் இறங்கினேன். கண்டக்டர் மட்டும் கையை நீட்டி, "ஷெட்டு அந்தாண்ட, தண்ணித் தொட்டிக்குப் பின்னால. ஓடுய்யா" என்றார்.

ஷெட்டில் மாப்பிள்ளை கவிழ்த்துப் போட்ட ஒரு டின் மேல் உட்கார்ந்திருந்தார். கையில் கழிவுப் பஞ்சு, கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். சுத்தமான கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அவசரமாக எழுந்து, "வாங்க, எப்ப வந்தீங்க? வீட்டுக்குப் போனீங்களா? அம்மா இருக்காங்களே" என்றார். அந்த உபசாரத்தை என்னால் தாங்க முடியவில்லை. முதலாளி உள்ளே இருந்தார். பெரிய உடம்பு, நெற்றியில் சந்தனம். நான் நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் கொட்டினேன். பெண் வீட்டுக்காரன் என்பது, ஓலை, பயம், டீக்கடை, எங்கள் தெருக் குளம், எல்லாம். மாப்பிள்ளை துடைப்பதை நிறுத்திவிட்டார்.

முதலாளி பிடுங்கி வைத்திருந்த சாவியை மேஜையில் தள்ளிவைத்தார். பிறகு, "நீ கேட்டதுதான் சுத்திக்கிட்டு வந்துருச்சுங்கறே. சரி. அவனுக்கு இல்லேன்னு உனக்குத் தெரியுமா?" என்றார்.

மஞ்சள் பையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினேன்.

"சொல்லுய்யா. வீராணம் ஏரிக்கரையில போற வண்டி. ஒரு பக்கம் ஏரி, ஒரு பக்கம் பள்ளம். ஐம்பது உசுரு. உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

தெரியாது. அதுதான் உண்மை. காலை எட்டிலிருந்து கால் தேய நடந்தும் எனக்குத் தெரியாது. அப்போதுதான் மாப்பிள்ளை பேசினார். கோபமாகப் பேசியிருந்தால்கூடச் சமாளித்திருப்பேன்.

"இத்தினி பேர்கிட்ட கேட்டீங்க. எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

தங்கச்சி காலையில் சொன்னது செவிட்டில் அறைந்த மாதிரி நினைவு வந்தது. அவர் பக்கம் திரும்பி, முதல் தடவையாக அவர் முகத்தைப் பார்த்துக் கேட்டேன். "உங்களுக்கு வலிப்பு இருக்கா?"

"இல்ல."

அவ்வளவுதான். ஒரு வார்த்தை. கண்ணை எடுக்கவில்லை, சத்தியம் பண்ணவில்லை, கதை சொல்லவில்லை. என் வாழ்க்கையில் அதற்கு முன்னால் எந்த வார்த்தையையும் நான் குத்தாமல் வாங்கியது கிடையாது. முதலாளி பக்கம் திரும்பி, "இல்லீங்க. எனக்குத் தெரியும். என் கூடப் பொறந்தவள இவருக்குக் குடுக்கறேன். நாளைக்கு முதல் ஓலை" என்றேன். சொன்ன குரல் என் குரல் மாதிரியே இல்லை.

அவருக்கு ஓலை என்றால் என்ன என்று தெரியவில்லை. சொன்னேன். தாடையைத் தடவிக்கொண்டார்.

"மூணு வாரம் ஊரக் கூட்டி வச்சு, தடை இருந்தா சொல்லுங்கன்னு கேக்கறாங்களா? கோயில்ல வச்சா?"

"ஆமாங்க."

"நல்ல ஏற்பாடா இருக்கே. அப்ப அது முடியட்டும். மூணாவது வாரம் வரைக்கும் எவனும் வாயத் திறக்கலேன்னா வண்டியக் குடுக்கறேன். அதுவரைக்கும் அவன் ஷெட்டுல இருக்கட்டும்."

மாப்பிள்ளை என்னோடு பஸ் ஸ்டாண்டு வரை வந்தார். என்னை ஏற்றிவிட்டு ஜன்னல் பக்கம் வந்து, "கொடைய விட்டுட்டீங்க" என்று உள்ளே கொடுத்தார். முதலில் ஏறிய பஸ்ஸில் நான் விட்ட குடையைக் கண்டக்டர் ஷெட்டுக்கு அனுப்பியிருந்தார் போலிருக்கிறது. பஸ் நகரும்போது, "நானும் போயி சாமியார்கிட்ட பேரு குடுத்துடறேன் மச்சான்" என்றார். அந்த மச்சான் என்ற வார்த்தையைக் கடலூர் வரும் வரைக்கும் நினைத்துக்கொண்டே வந்தேன். நடுவில் புதுச்சத்திரத்தில் வண்டி பஞ்சர். மணி அடித்துவிடுமோ என்று இறங்கி ஜாக்கிக்குக் கீழே கல் கொடுத்தவன் நான்தான். உபதேசியார் வீட்டுக்குள் நான் நுழைந்தபோது மணிக்கயிற்றைப் பிடிக்க அவர் கிளம்பிக்கொண்டிருந்தார்.

வீட்டில் சரி என்று சொல்லிவிட்டேன் என்றதும் தங்கச்சி நம்பவில்லை. "யாரு, நீயா?" என்றாள். நடந்ததைச் சொன்னேன். பாதியில் அவள் முகம் சுருங்கியது, வலிப்புப் பேச்சைக் கேட்டு அல்ல, சாவியைப் பிடுங்கிய இடத்தில். எழுந்து போய் என் குடையை எடுத்து விறகுப் பரணில் போட்டாள். மூன்று வாரம் என்னோடு பேசவில்லை.

அந்த மூன்று வாரமும் எனக்கு வேலை ஓடவில்லை. சும்மா இருக்க முடியாமல் முதல் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மறுபடி சிதம்பரம் போனேன். கேட்ட கடை ஒவ்வொன்றுக்கும் போய், நான் சொன்னது தப்பு, அவருக்கு ஒன்றும் இல்லை என்று சொல்லிக்கொண்டு வந்தேன். அதே நாலு வீதி. வெற்றிலைக்கார அம்மாள் சிரித்தாள். "இல்லாதத இல்லேன்னு சொல்றதுக்கா கடலூர்லேருந்து வண்டியேறி வந்தே? அப்ப என்னமோ இருக்கு" என்றாள். அப்போதே விட்டிருக்க வேண்டும். எல்லாக் கடையையும் முடித்துவிட்டுத்தான் வந்தேன். என்னால் ஜாஸ்திதான் ஆகியிருக்கும்.

மூன்றாவது ஓலைக்கு நான் சிதம்பரத்து மாதா கோயிலுக்கே போய்விட்டேன். அம்மாவும் வந்தார். வெயில் காலம் தொடங்குகிறது, அம்மாவுக்கு ஆகாது என்று பரணிலிருந்து குடையை எடுத்துக்கொண்டேன். மாப்பிள்ளை முன்வரிசையில் முழங்காலில் இருந்தார். வாசலுக்கு வெளியே, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, நெற்றியில் சந்தனத்தோடு கையைக் கட்டிக்கொண்டு முதலாளி நின்றிருந்தார். காதால் கேட்டுவிட்டுப் போக வந்திருக்கிறார். சாமியார் இரண்டு பேரையும் படித்தார். தடை ஏதும் அறிந்தவர் இருந்தால் என்று சொல்லி நிறுத்தினார். கோயிலே அமைதியாக இருந்தது. யாராவது எழுந்திருக்கிறார்களா என்று திரும்பிய என் முழங்கை பட்டு, சுவரில் சாய்த்திருந்த குடை படார் என்று தரையில் விழுந்தது.

கோயில் மொத்தமும் திரும்பிக் குடையைப் பார்த்தது, அப்புறம் என்னை. பின்னாலிருந்து யாரோ, "குடைக்காரரு, குடைக்காரரு" என்று கிசுகிசுத்தார்கள். களுக்கென்று ஒரு சிரிப்பு. மாப்பிள்ளையின் முதுகு குலுங்குவது தெரிந்தது. சாமியார் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துவிட்டு அடுத்ததைப் படிக்கப் போய்விட்டார். வெளியே வந்தபோது முதலாளி செருப்பைப் போட்டுக்கொண்டே மாப்பிள்ளையிடம், "திங்கக்கிழமை காலைல வண்டிய எடு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. அவர் தலை நரைக்கிற வரைக்கும் அதே ஏரிக்கரையில் வண்டி ஓட்டினார். ஒரு நாள் ஒரு தலைசுற்றல் வந்தது கிடையாது. ஆனாலும் முதல் வருஷம் அவர் வண்டியில் ஏறினால் டிரைவருக்குப் பின்சீட்டில் உட்கார்ந்து அவர் கையையே பார்த்துக்கொண்டு போவேன், அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்து, "என்ன மச்சான், கை நடுங்குதா?" என்பார். அவருக்கு அது வேடிக்கை. தங்கச்சிக்கு அப்படி இல்லை. ரொம்ப வருஷம் கழித்துக்கூட மேலவீதியில் ஒரு கிழவி அவளை நிறுத்தி, "வூட்டுக்காரருக்கு இப்ப வலிப்பு வர்றதில்லையே?" என்று அக்கறையாக விசாரித்தாளாம்.

கிடங்கில் மூட்டையைக் குத்திப் பார்த்த பிறகு அந்த ஓட்டையை நகத்தால் நாலு தேய்ப்புத் தேய்ப்போம், சணல் இழை கூடி மூடிக்கொள்ளும். நான் அந்தச் சனிக்கிழமை குத்தியதை அப்படித் தேய்க்கத் தெரியாமல் இன்றைக்கும் இருக்கிறேன். எனக்குப் பயம் போய்விடவில்லை, இந்த வயதிலும் பூட்டை மூன்று தடவை இழுத்துத்தான் பார்க்கிறேன். ஆனால் ஒரு மனிதரைப் பற்றிக் கேட்க வாய் எடுக்கும்போது மட்டும், அவர் முகம் எனக்கு எதிரே இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்கிறேன்.